தொலைக்காட்சித் தொடர் நாயகர்களுக்கு ஏன் எப்போதும் சோகமான கடந்த காலமும் இருண்ட பக்கமும் இருக்கின்றன?

கேட்டவர் தம்பியோ தங்கச்சியோ தெரியாது. இரவிரவாக ஏதோ ஒரு தொடரைப் பார்த்து முடித்துவிட்டு, விடிய நாலு மணிக்கு எரிச்சலில் இதைக் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தாய் செத்திருப்பாள், தகப்பன் குடிகாரன், மனைவியை யாரோ கொன்றிருப்பான். அதனால்தான் ஆள் சிரிக்காமல், முகம் வழிக்காமல் திரிகிறான். அதுதானே?

நான் சினிமா படித்தவன் இல்லை. இலங்கையில், முல்லைத்தீவு மாவட்டத்துப் புதுக்குடியிருப்புப் பக்கம் ரீவி, ரேடியோ, போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். இருபது வருசத்துக்கு மேலாக ரீவியைப் பின்பக்கத்தால் பார்க்கிறவன். (இடையில் கொஞ்சக் காலம் கடையும் இல்லை, ரீவியும் இல்லை. அதை விடுவோம்.) முன்பக்கத்தால் பார்க்கிறவர்கள் வந்து பிழை இருந்தால் திருத்துங்கள். "உமக்கென்ன தெரியும்" என்று மட்டும் தொடங்க வேண்டாம்.

தொழில் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அது லேசானது. முந்தி அமெரிக்காவில் பெரும்பாலான தொடர்களில் ஒரு கிழமைக்கு ஒரு கதை, அந்தக் கிழமையே முடிந்துவிடும். விளம்பரக் காசில் ஓடுகிற சனல்கள். சோப்பு விற்கிறவனுக்குக் கெட்ட நாயகன் ஆகாது. பிறகு மறு ஒளிபரப்பில் எந்த அத்தியாயத்தை எந்த நாள் போட்டாலும் சனத்துக்கு விளங்க வேண்டும். அதனால் போன கிழமை வாங்கிய அடியை நாயகன் இந்தக் கிழமை மறந்திருப்பான். 1999-ல் எச்பிஓ என்கிற சந்தாச் சனல் 'தி சொப்ரானோஸ்' தொடங்கியது. அங்கே விளம்பரம் இல்லை, மாதக் காசு கட்டுகிறவன் பார்ப்பான், யாருக்கும் பயப்படத் தேவையில்லை. நாயகன் ஒரு மாஃபியாத் தலைவன். மயங்கி விழுந்து, மனநல வைத்தியரிடம் போகிறான். ஆளைக் கதிரையில் இருத்தி "உன்ர தாய் எப்பிடி?" என்று கேட்டால் கதைக்கா பஞ்சம்? 2007 வரை 86 அத்தியாயம் ஓடியது.

இரண்டரை மணி நேரப் படத்துக்கு ஒரு போத்தல் எண்ணெய் காணும். எட்டு வருசம் ஓடுகிற தொடருக்குப் பரல் கணக்கில், பீப்பாய் பீப்பாயாக வேண்டும். கடந்த காலம்தான் அந்தப் பரல். ஒரேயடியாகக் கவிழ்க்காமல், சீசனுக்குச் சீசன் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கலாம். 'ஹவுஸ்' என்கிற வைத்தியர் தொடருக்கு ஒரு கால் நோவும் ஒரு மாத்திரைப் போத்தலும் 2004-லிருந்து 2012 வரை, 177 அத்தியாயத்துக்குக் காணுமாக இருந்தது. அந்த வைத்தியரும் சும்மா வானத்தால் விழுந்த ஆள் இல்லை. ஷெர்லொக் ஹோம்சை வைத்து வார்த்த ஆள். ஹோம்ஸ் 1890-ல் வந்த நாவலின் முதல் பக்கத்திலேயே கொக்கெயின் ஊசி போடுகிறார். ஆக, இருண்ட பக்கம் ரீவி கண்டுபிடித்த சாமான் இல்லை.

எண்ணெய் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. தொண்ணூறுகளில் வன்னிக்குப் பொருளாதாரத் தடை. பற்றரி வராது, மண்ணெண்ணெய் தங்கம். சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் ரேடியோ கேட்டோம். யாராவது வீட்டில் விசேசம் என்றால் வீடியோ கசெற் போடுகிற டெக்கும் ரீவியும் ஜெனரேற்றரும் வாடகைக்கு வரும். முற்றத்தில் படங்கு விரித்து முழு ஊரும் இருக்கும். எங்கள் பக்கத்து டெக்கார அண்ணைக்கு எண்ணெய்க் கணக்கு நன்றாகத் தெரியும். பாட்டு வந்தால் வேகமாக முன்னுக்கு ஓட்டிவிடுவார். திரை தண்ணீர் மாதிரி நெளிந்தாலோ, படம் கறுப்பு வெள்ளையாக மாறினாலோ, "உது பழங்கதை" என்று சொல்லி அதையும் ஓட்டிவிடுவார். தாய் எரிந்ததும், தங்கச்சி செத்ததும், தகப்பனைத் தூணில் கட்டி அடித்ததும் அரை நிமிசத்தில் வெள்ளைக் கோடுகளாகப் பறக்கும். பிறகு நாயகன் எழும்பி நின்று அடிப்பான். ஏன் அடிக்கிறான் என்று தெரியாமலேதான் நாங்கள் கைதட்டினோம். ஒருத்தரும் குறை சொன்னதில்லை. அந்தப் படங்களில் சிலதை நான் முழுதாகப் பார்த்தது கல்யாணம் கட்டின பிறகுதான். பார்த்தபோது, ஓட்டிவிட்ட படம்தான் திறமாக இருந்தது போலத் தோன்றியது.

இது எனக்கு மட்டுமான ரசனையாக இருக்கலாம். அடிக்க வராதீர்கள்.

பழைய கதைகளிலும் கடந்த காலம் இருக்கிறதே என்று யாராவது எழுதுவீர்கள். இருக்கிறது. முல்லைத்தீவில் கோவலன் கூத்து ஆடுகிறவர்கள். வற்றாப்பளை கண்ணகை அம்மன் வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிகிற ஊர், அந்தக் கதையில் எங்களுக்கு ஆரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கோவலனுக்குச் சின்ன வயதில் ஒரு குறையும் இல்லை. பெரிய வணிகன் மகன், நல்ல மனைவி. இருந்தும் போனான், தொலைத்தான். ஏன் போனான் என்பதற்குக் கதையில் ஒரு சாட்டும் இல்லை. கடைசியில்தான், சிலப்பதிகாரத்தில், மதுராபதித் தெய்வம் வந்து கண்ணகிக்குப் பழங்கதை சொல்லும். முற்பிறப்பில் கோவலன் பரதன் என்ற பெயரில் சிங்கபுரத்தில் இருந்தவன். சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்ல வைத்தவன். சங்கமனின் மனைவி நீலி இட்ட சாபம்தான் மதுரையில் வந்து பலித்தது. அதுவும் பிளாஷ்பேக்தான். ஆனால் கணக்கு வேறு. அங்கே கடந்த காலம் என்பது அவன் மற்றவனுக்குச் செய்தது, அவன் கட்ட வேண்டிய கடன். இப்போதைய தொடரில் கடந்த காலம் என்பது மற்றவன் அவனுக்குச் செய்தது. ஊர் அவனுக்குக் கடன்காரன். அதைக் காட்டிவிட்டால் பிறகு அவன் யாரை என்ன செய்தாலும் நாங்கள் "பாவம்" என்று சொல்லுவோம். 'டெக்ஸ்டர்' என்று ஒரு தொடர். நாயகன் தொடர்கொலைகாரன். மூன்று வயதில் தாயைக் கண் முன்னால் வெட்டிக் கொன்றதைப் பார்த்த பிள்ளை என்று காட்டிவிட்டார்கள். அவ்வளவுதான், எத்தனை பேரைக் கொன்றாலும் சனம் அவன் பக்கம்.

இந்த இடத்தில்தான் இந்தக் கேள்வி எனக்குக் குத்துகிறது.

எங்கள் பக்கத்தில் சோகமான கடந்த காலம் இல்லாத ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டும். மீன்காரருக்கு இருக்கு, தபால்காரருக்கு இருக்கு, சங்கக் கடையில் நிறுக்கிறவருக்கு இருக்கு. ஒருத்தரும் இருட்டில் மழை நனைந்துகொண்டு நின்று கொலைகாரனைத் தேடவில்லை. கோழி வேலி தாண்டினதுக்குச் சண்டை பிடிக்கிறார்கள், சீட்டுக் கட்டுகிறார்கள், பிள்ளையை ரியூசனுக்கு ஏற்றுகிறார்கள். போர் முடிந்து நாங்கள் மீள்குடியேறி வந்த புதிதில் கமராவோடு வந்தவர்களுக்கு இது விளங்கவில்லை. ஒருவர் என்னை ஜன்னலோரம் இருத்தி, "அண்ணா, கொஞ்சம் கீழ பாருங்கோ" என்றார். நான் ஒரு பழைய ரீவிக்குள் அரணை முட்டை போட்டிருந்த கதையைச் சொல்லிச் சிரித்தேன். பிறகு வீடியோவைப் பார்த்தால் அரணையும் இல்லை, சிரிப்பும் இல்லை. நான் கீழே பார்க்கிறேன், பின்னால் வயலின்.

சரி, கமராக்காரரை ஏன் குறை சொல்ல வேண்டும். நானே அந்த வயலினைப் பாவித்தவன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

ஏழெட்டு வருசத்துக்கு முந்தி, ஐப்பசி மழை தொடங்கின நேரம், ஒரு ஆச்சி ரீவி கொண்டு வந்தா. தனிய இருக்கிற மனுசி. மருமகன் முறையான ஒருவர் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பி வாங்கிக் கொடுத்த 32 இஞ்சி ரீவி. சத்தம் வருது, படம் இல்லை. ரோச் லைட்டைத் திரைக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தால் மங்கலாக ஆட்கள் ஓடித் திரிகிறது தெரியும். அப்படியென்றால் படம் காட்டுகிற பனல் நல்லம், பின்னால் வெளிச்சம் தருகிற எல்ஈடி ஸ்ட்ரிப்தான் போய்விட்டது. அதில் குண்டுமணி மாதிரி எல்ஈடிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும். ஒன்று அறுந்தாலே முழு வரிசையும் அணையும். புது ஸ்ட்ரிப் போட வேண்டும். என்னிடம் புதிது இருக்கவில்லை. பனல் உடைந்து வந்த வேறொரு ரீவியில் இருந்து கழற்றிய பழைய ஸ்ட்ரிப் இருந்தது. அதைப் போட்டேன். புதிது என்று சொல்லி 4,500 ரூபா வாங்கினேன்.

இருபது நாள் கூடப் போகவில்லை. ஆச்சி பார்க்கிற தொடரில் கல்யாணம் நடக்கிற கிழமை, ரீவி திரும்ப இருண்டுவிட்டது. என்னிடம் வரவில்லை. மற்றச் சந்தியில் வேலை செய்கிற பொடியனிடம் கொண்டு போயிருக்கிறா. அவன் கழற்றிப் பார்த்தால், ஸ்ட்ரிப்பின் பின்னால் மார்க்கர் பேனையால் எழுதின திகதி. அந்தப் பழைய ரீவி கடைக்கு வந்த திகதி, என்னுடைய கையெழுத்திலேயே. திருத்துகிறவர்கள் எல்லாருக்கும் இருக்கிற பழக்கம். களவெடுக்கிறவன் சொந்தப் பெயரை எழுதி வைக்கிற மாதிரி.

ஆச்சி அந்த ஸ்ட்ரிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தா. நாலைந்து பேர் நின்றார்கள். நான் வாய் திறக்க முந்தி, என்னோடு நிற்கிற கூட்டாளி முந்திக்கொண்டான்.

"ஆச்சி, விடுங்கோ. அவன் பாவம். சண்டையின்ர கடைசி நேரம் அவனுக்கு எல்லாம் போனதெல்லோ. அதுக்குப் பிறகு ஆள் ஒரு மாதிரி."

நான் என்ன செய்தேன் தெரியுமா? கீழே பார்த்தேன். கமராக்காரர் சொல்லித் தந்த அதே மாதிரி.

ஆச்சி கொஞ்ச நேரம் பேசாமல் நின்றா. பிறகு, "தம்பி, எனக்கு மூண்டு போனது. நான் ஆற்ற ரீவிக்குள்ள பழசை வைச்சனான்?" என்றா. சத்தம் போடவில்லை. ஸ்ட்ரிப்பை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டா.

இதற்குக் கீழே வந்து, போர் பாதிப்பைக் கொச்சைப்படுத்துகிறான் என்று எழுதப் போகிறவர்களுக்கு: இல்லை. கோயில் வெடிச் சத்தத்துக்குக் கட்டிலுக்குக் கீழே போகிற ஆட்களை எனக்குத் தெரியும். நித்திரை இல்லாமல் விடிய விடிய வளவைக் கூட்டுகிற மனுசியைத் தெரியும். அது வருத்தம், அதற்கு மருந்தும் கதைக்க ஆளும் வேண்டும். நான் பழைய ஸ்ட்ரிப்பைப் போட்டது அந்த வருத்தத்தால் இல்லை. பின்மூடியைக் கழற்றி ஆர் பார்க்கப்போகிறார்கள் என்ற நினைப்பால்.

பிறகொரு காலம் லப்டொப்பில் 'பிரேக்கிங் பாட்' பார்த்தோம். 2008-லிருந்து 2013 வரை வந்தது, 62 அத்தியாயம். இரசாயன வாத்தியாருக்குப் புற்றுநோய், குடும்பத்துக்குக் காசு சேர்க்கப் போதைப்பொருள் காய்ச்சுகிறார். மனைவிக்கு நான்தான் மொழிபெயர்ப்பு. "ஏன், மகரகம ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே?" என்று முதல் நாளே கேட்டாள். அங்கே எங்கள் மகரகம மாதிரி இலவசப் புற்றுநோய் ஆஸ்பத்திரி இல்லை என்று விளங்கப்படுத்துவதற்குள் எனக்கு அரை அத்தியாயம் போய்விட்டது. சரி, விசயம் அதில்லை. அந்த ஆள் தொடர் முழுக்கச் சொல்வது ஒரே சாட்டு, குடும்பத்துக்காகத்தான் என்று. கடைசி அத்தியாயத்தில் மனைவி முன்னால் நின்று, எனக்காகத்தான் செய்தேன், எனக்குப் பிடித்திருந்தது என்று ஒப்புக்கொள்கிறார். மொழிபெயர்க்க எனக்கு நா எழவில்லை. என் மனைவி, "என்னவாம்? என்னவாம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எழுதுகிறவன் கெட்டிக்காரன் என்றால், கொடுத்த சாட்டைக் கடைசியில் பிடுங்கிவிடுவான். மற்றவர்கள் நாயகனின் கையிலேயே விட்டுவிடுகிறார்கள், நாங்களும் அவனோடு சேர்ந்து அழுதுவிட்டுப் படுக்கப் போகிறோம்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தம் இல்லாதது. இந்தத் தளத்தில் நான் "ரீவி" என்று எழுதினால் உடனே ஒருவர் வந்து "டிவி என்பதே சரி" என்று திருத்துகிறார். போன முறை ஒருவர் நீங்கள் கேரளாவா என்று கேட்டிருந்தார். ஐயா, நாங்கள் மூன்று தலைமுறையாக இப்படித்தான் எழுதுகிறோம். ரயர், ரியூசன், ரிக்கற். உங்கள் படங்களில் எங்கள் ஆட்கள் என்று காட்டுகிற ஆட்கள் பேசுகிற தமிழ் உலகத்தில் எந்த ஊரிலும் இல்லை, அதை நாங்கள் திருத்த வந்தோமா? அந்தப் பாத்திரங்களும் எப்போதும் சோகமாகத்தான் இருக்கும். ஒரு படத்திலாவது ஈழத்து ஆள் ஒருவன் சும்மா வந்து பகிடி விட்டு, புட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனதாகக் காட்டுங்கள் பார்ப்போம்.

ஆச்சிக்கு அடுத்த நாளே யாழ்ப்பாணத்தில் இருந்து புது ஸ்ட்ரிப் எடுத்து, வீட்டுக்கே கொண்டுபோய்ப் போட்டேன். 4,500-ஐயும் திருப்பிக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துத்தான் சேலைத் தலைப்பில் முடிந்தா. அவ பார்க்கிற தொடரின் நாயகனுக்கும் ஒரு பழங்கதை இருக்கிறதாம், தாய் விட்டுவிட்டுப் போனதால் பெண்களைக் கண்டால் எரிந்து விழுவானாம். "உவனுக்கு ரெண்டு குடுத்தால் சரி" என்றா.

இப்போதும் ரீவி பழுதென்றால் என்னிடம்தான் வருவா. பின்மூடியைக் கழற்றினதில் இருந்து பூட்டும் வரைக்கும் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு இருப்பா. நான் போடுகிற சாமானை முதலில் வாங்கி, மறுபக்கம் திருப்பி, மார்க்கர் எழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தருவா.