அறிவியலில் கோட்பாடு (theory) முற்றினால் விதி (law) ஆகுமா?

ஆகாது. "நிரூபித்துவிட்டால் கோட்பாடு விதியாகும்" என்று உங்கள் ஆசிரியர் பயிற்சி மாணவர்கள் பாதிப்பேர் எழுதியதாகச் சொல்லி, ஏன் என்று கேட்டிருந்தீர்கள். அவர்கள் எழுதியது தவறுதான். என்ன நடக்கிறது என்று சொல்வது விதி. ஏன் என்று விளக்குவது கோட்பாடு. வெப்பநிலை மாறாதபோது வாயுவின் அழுத்தம் கூடினால் அதன் பருமன் அதே விகிதத்தில் குறையும் என்னும் பாயில் விதி 1662-லேயே வந்துவிட்டது. அதை மூலக்கூறுகளின் ஓட்டத்தைக் கொண்டு விளக்கும் வாயுக்களின் இயக்கவியல் கோட்பாடு முழு உருப்பெற்றது 19-ஆம் நூற்றாண்டில். வரிசையே தலைகீழ்!

இந்தத் தவறுக்குக் காரணம் பெரும்பாலும் கருதுகோள் (சோதித்துப் பார்க்க வேண்டிய ஊகம்), கோட்பாடு, விதி என்று ஏணிபோல வரையும் படம்தான். நானும் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன்.

"பரிணாமக் கோட்பாடு எப்போது விதியாகும்?" என்று மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "இன்னும் ஆதாரம் போதவில்லை" என்று பதில் வந்தால், ஏணி இன்னும் மனதில் இருக்கிறது.

ஆனால் சரி/தவறு கேள்வியை மட்டும் நம்பாதீர்கள், காரணத்தையும் எழுதச் சொல்லுங்கள். தமிழில் 'விதி' என்றாலே தலைவிதி போல மாறாதது என்று தோன்றிவிடும். ஆனால் அறிவியல் விதி அப்படியல்ல; பாயில் விதியே மிகுந்த அழுத்தத்தில் பிசகும்.