தலைக்காயத்துக்குப் பின் மூளை அழற்சி: ஸ்டீராய்டு ஏன் தரவில்லை?

கேள்வி: என் தம்பிக்கு வயது 26. மூன்று மாதங்களுக்கு முன் சாலை விபத்தில் தலையில் பலத்த அடிபட்டுப் பன்னிரண்டு நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். மூளையில் அழற்சி இருப்பதாக மருத்துவர்கள் சொன்னார்கள். ஆனால் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தை ஒருநாளும் தரவில்லை. இப்போது நடக்கிறான், பேசுகிறான். இருந்தும் விரைவில் சோர்ந்துவிடுகிறான், மறதியும் இருக்கிறது. இந்த அழற்சி பல ஆண்டுகள் நீடிக்கும் என்று படித்தேன். அன்றே ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் இந்தக் குறைகள் வராமல் இருந்திருக்குமா? இப்போதாவது அழற்சியைக் குறைக்கும் மாத்திரைகளை வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: ஸ்டீராய்டு தராமல் இருந்தது கவனக்குறைவு அன்று, அதுவே சரியான சிகிச்சை. தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு தருவது ஒரு காலத்தில் பல நாடுகளில் வழக்கமாகவே இருந்தது. அது உண்மையில் உயிரைக் காக்கிறதா என்பதைக் கண்டறிய 'கிராஷ்' என்ற பெயரில் ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வு நடத்தப்பட்டது. இருபதாயிரம் பேரைச் சேர்ப்பது திட்டம்; ஆனால் 10,008 பேர் சேர்ந்திருந்த நிலையில், 2004ஆம் ஆண்டில், அதை நிறுத்த வேண்டியதாயிற்று. மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைப் பெற்றவர்களில் 21.1 சதவீதம் பேர் இரண்டு வாரங்களுக்குள் இறந்திருந்தார்கள். போலி மருந்து பெற்றவர்களில் அது 17.9 சதவீதம்தான். ஆறு மாதங்களுக்குப் பின் கணக்கெடுத்தபோதும் வேறுபாடு மறையவில்லை. நல்லது செய்யும் என்று நம்பித் தரப்பட்ட மருந்து, தரப்பட்ட ஒவ்வொரு நூறு பேரிலும் ஏறத்தாழ மூன்று பேரைக் கூடுதலாக இழக்கச் செய்தது என்பதை எழுதும்போது இன்றும் மனம் கனக்கிறது.

மூளைக் கட்டிக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைத் தந்தால் வீக்கம் வடிகிறதே என்று நீங்கள் கேட்கலாம். கட்டியைச் சுற்றி வரும் வீக்கம் பெரும்பாலும் கசியும் ரத்தக் குழாய்களால் ஏற்படுவது. அந்தக் கசிவை ஸ்டீராய்டு அடைக்கும். அடிபட்ட மூளையிலோ பெரும்பாலும் செல்களே நீரை உறிஞ்சி உப்புகின்றன. அந்த உப்பலை ஸ்டீராய்டால் தடுக்க முடிவதில்லை. அதே வேளையில் ரத்தச் சர்க்கரை ஏறுவதும், நோய்த்தொற்றை எதிர்க்கும் ஆற்றல் குறைவதும் மட்டும் நிகழ்ந்துவிடுகின்றன. பலத்த மூளைக் காயம் உடலின் எதிர்ப்பாற்றலை ஏற்கெனவே தளர்த்தி, நுரையீரல் தொற்றுக்கு வழிவிடும் தன்மை கொண்டது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி அழற்சி என்ற சொல்லுக்கு வருகிறேன். காயத்துக்கு உடல் காட்டும் எதிர்வினையான அதை ஒரு நோயாக நினைப்பதிலிருந்துதான் பெரும்பாலான குழப்பங்கள் தொடங்குகின்றன. மூளைக்கென்றே தனியாக ஒரு காவல் செல் உண்டு; மைக்ரோகிளியா என்பது அதன் பெயர். ஸ்பெயின் நாட்டு அறிஞர் பியோ டெல் ரியோ ஒர்டேகா 1919இல் அதை அடையாளம் கண்டு விவரித்தார். உயிருள்ள எலியின் மூளைக்குள் இந்தச் செல்கள் தங்கள் மெல்லிய கிளைகளை நீட்டியும் சுருக்கியும் ஓயாமல் சுற்றுப்புறத்தைத் துழாவிக்கொண்டிருப்பதையும், சிறு காயம் ஏற்பட்டால் சில நிமிடங்களுக்குள் கிளைகளை அங்கே அனுப்பி அந்த இடத்தைச் சூழ்ந்துகொள்வதையும் 2005இல் ஆய்வாளர்கள் நுண்ணோக்கி வழியே நேரடியாகவே கண்டார்கள். காயம்பட்ட செல்களிலிருந்து கசியும், செல்களின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி போன்ற பொருள்களே இவற்றை அழைக்கின்றன. பின்னர் சைட்டோகைன்கள் எனப்படும் செய்திப் புரதங்கள் சுரக்கின்றன. சில மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளை அணுக்களும், அடுத்த சில நாட்களில் மானோசைட்டுகள் என்ற வேறு வகை வெள்ளை அணுக்களும் வந்து சேர்கின்றன. இறந்த செல்களை அகற்றுவதும், கிழிந்த சவ்வுகளை மூடுவதும், புதிய ரத்தக் குழாய்கள் வளரத் தூண்டுவதும் இவற்றின் பணிகள். ஆனால் இதே செல்கள் உமிழும் நொதிகள் அருகிலுள்ள நல்ல திசுவையும் அரிக்கக்கூடும். ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பு தளர்ந்து வீக்கம் கூடினால், விரிய இடமில்லாத மண்டையோட்டுக்குள் அழுத்தம் ஏறும். காலில் வந்தால் பொறுத்துக்கொள்ளக்கூடிய வீக்கம் மூளையில் உயிரையே பறிப்பது இதனால்தான்.

நன்மை எது, தீமை எது என்பதைப் பெரும்பாலும் காலமே தீர்மானிக்கிறது. டிஎன்எஃப் என்ற சைட்டோகைன் அறவே இல்லாத எலிகளை வைத்து 1999இல் வெளியான ஓர் ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அடிபட்ட முதல் சில நாட்களில் அந்த எலிகள் மற்ற எலிகளைவிட நன்றாக இருந்தன. சில வாரங்கள் சென்றபின் மற்ற எலிகள் தேறிவர, இவை பின்தங்கிவிட்டன. முதல் நாளில் கேடு செய்த அதே பொருள் மீட்சிக்கும் தேவைப்பட்டிருக்கிறது.

நீங்கள் படித்த செய்தி தவறன்று. 2011இல் வெளியான ஒரு பெட் ஸ்கேன் ஆய்வு, காயம்பட்டுப் பதினோரு மாதங்கள் முதல் பதினேழு ஆண்டுகள் வரை ஆனவர்களின் மூளையிலும், குறிப்பாக மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் பகுதியில், மைக்ரோகிளியா கிளர்ந்த நிலையில் இருப்பதைக் காட்டியது. அப்படியானால் அதை அடக்கிவிடலாமே என்று தோன்றுவது இயல்பு. ஆய்வாளர்களுக்கும் அதுவே தோன்றியது. மினோசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைப் பன்னிரண்டு வாரங்கள் கொடுத்துப் பார்த்த ஒரு சிறிய ஆய்வின் முடிவு 2018இல் வந்தது. மைக்ரோகிளியாவின் கிளர்ச்சி எதிர்பார்த்தபடியே குறைந்தது. ஆனால் நரம்பிழைகள் சிதைவதைக் காட்டும் நியூரோஃபிலமென்ட் என்ற புரதம் ரத்தத்தில் கூடியது. நீடித்த அழற்சியின் ஒரு பகுதியாவது இன்னமும் பழுது பார்க்கும் பணியாக இருக்கலாம் என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன். சிலரை மட்டும் கொண்ட ஆய்வுதான். என்றாலும், மருத்துவ மேற்பார்வை இல்லாமல் எந்த மாத்திரையையும் வாங்கித் தர வேண்டாம் என்று உங்களிடம் சொல்ல எனக்கு இது போதும். இயற்கையானவை என்று விற்கப்படும் துணை மாத்திரைகளுக்கும் இது பொருந்தும். அவற்றில் சில ரத்தம் உறைவதைப் பாதிப்பவை, சில வலிப்புத் தடுப்பு மருந்தின் அளவை மாற்றுபவை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் தம்பிக்கு எதுவுமே செய்யவில்லை என்ற எண்ணம் உங்களுக்கு இருந்தால், அதை விட்டுவிடுங்கள். ஆக்சிஜனும் ரத்த அழுத்தமும் இறங்காமல் பார்த்துக்கொண்டது, காய்ச்சலைத் தணித்தது, தொற்று வராமல் காத்தது ஆகிய ஒவ்வொன்றும் ஏற்கெனவே காயம்பட்ட மூளைக்கு அடுத்த அடி விழாமல் தடுத்த செயல்கள்.

இப்போதைய சோர்வையும் மறதியையும் அழற்சியின் கணக்கில் மட்டும் எழுதிவிடாதீர்கள். சரிசெய்யக்கூடிய காரணங்கள் பல உள்ளன. பலத்த தலைக்காயத்தில், மூளையின் அடியிலிருந்து மற்ற ஹார்மோன் சுரப்பிகளை இயக்கும் பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்படுவதுண்டு. ஆகவே உடல் தானே சுரக்கும் ஸ்டீராய்டு ஹார்மோனான கார்டிசாலின் காலை நேர அளவையும் தைராய்டு ஹார்மோன்களையும் பரிசோதிக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கார்டிசால் உண்மையிலேயே குறைவாக இருந்தால் ஹைட்ரோகார்டிசோனைச் சிறிய அளவில் தருவார்கள். அதுவும் ஸ்டீராய்டுதான், ஆனால் உடலில் குறைவதை ஈடுசெய்யத் தருவது, அழற்சியை அடக்க அன்று. இரவில் சரியாகத் தூங்குகிறானா, உறக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா, மனச்சோர்வு இருக்கிறதா, வலிப்புத் தடுப்பு மருந்தே மந்தத்தை உண்டாக்குகிறதா என்பவற்றையும் பார்க்க வேண்டும். அந்த மருந்தை நீங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. உடற்பயிற்சியை மருத்துவரின் ஒப்புதலுடன் நடையில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். மதுவை முற்றிலும் தவிர்க்க வேண்டும். மறுபடி தலையில் அடிபடாமல் காப்பது மிக முக்கியம். ஒருமுறை கிளர்ந்த மைக்ரோகிளியா அடுத்த காயத்துக்கு முன்னைவிடக் கடுமையாக எதிர்வினை காட்டுவதை விலங்கு ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள்.

தலைவலி நாளுக்கு நாள் கூடுவது, வாந்தி, வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கம், கை கால் பலவீனம், வலிப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், எந்த நேரத்தில் எந்த வேலைக்குப் பின் சோர்கிறான், எத்தனை மணி நேரம் தூங்கினான், எதை மறந்தான் என்று இரண்டு வாரங்களுக்குக் குறித்து வைத்து, அந்தக் குறிப்பேட்டை அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள். எந்தப் பரிசோதனையை முதலில் செய்வது என்று அவர் முடிவெடுக்க அது பெரிதும் உதவும்.