பிபிபி2ஏ: போலியை மறுத்து அசலை விடும் வாசல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எம்ஆர்எஸ்ஏ (மெத்திசிலினை எதிர்க்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ்) கிருமியின் செல் சுவரைக் கட்டும் பிபிபி2ஏ நொதி பென்சிலினை ஏற்காது என்று எழுதியிருந்தீர்கள். பென்சிலின் செல் சுவரின் டி-அலனைன் (ஓர் அமினோ அமிலம்) வாலைப் போல் இருப்பதால்தான் நொதிகள் ஏமாறுகின்றன என்று படித்திருக்கிறேன். அப்படியென்றால் போலியை மறுக்கும் நொதி அசலை மட்டும் எப்படி ஏற்கிறது? கிளாவுலானிக் அமிலம் சேர்த்தால் மருந்து வேலை செய்யாதா?

– நுண்ணுயிரியல் மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். கிளாவுலானிக் அமிலம் முடக்குவது பீட்டா-லாக்டமேஸை, அதாவது மருந்தை உடைக்கும் நொதியை. பிபிபி2ஏ மருந்தை உடைப்பதில்லை. மருந்து முழுசாக இருந்தும் அதனிடம் பிணைய முடியவில்லை. அதனால் அந்த அமிலம் இங்கே உதவாது.

முதல் கேள்வி அருமையானது. விடை நொதியின் வடிவத்தில் இருக்கிறது.

சுவர் இழையில் தொங்கும் ஐந்து அமினோ அமிலச் சங்கிலியின் கடைசி இரண்டும் டி-அலனைன். நொதியின் வினைமையத்தில், அதாவது வேலை நடக்கும் இடத்தில், உள்ள செரின் என்ற அமினோ அமிலம் அவற்றின் நடுப் பிணைப்பைத் தாக்கும். கடைசி அலனைன் கழன்றுபோக, மீதி செரினில் தொற்றிக்கொள்ளும். பிறகு பக்கத்து இழையின் ஐந்து கிளைசின் பாலத்தின் நுனி வந்து அதை வாங்கிக்கொள்ள, குறுக்குப் பிணைப்பு முடியும். பென்சிலினும் இதே செரினில்தான் ஒட்டும். ஆனால் லேசில் விடாது; நொதி அத்தோடு முடங்கும்.

2002இல் கனடாவில் ஆய்வாளர்கள் லிம்மும் ஸ்ட்ரினட்காவும் 1.8 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) நுணுக்கத்தில் பிபிபி2ஏயின் கட்டமைப்பை வெளியிட்டார்கள். அதில் அந்தச் செரின் (சங்கிலியில் 403ஆவது அமினோ அமிலம்) ஓர் ஒடுங்கிய பள்ளத்துக்குள், தாக்குவதற்குத் தோதில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. மருந்து பிணைய வேண்டுமென்றால் பக்கத்திலுள்ள பீட்டா-3 இழை (நொதியின் சொந்தச் சங்கிலியின் ஒரு பகுதி) முறுக்கிக்கொண்டு விலக வேண்டும். அது எளிதில் நடப்பதில்லை. பிணைப்பு மிக மெதுவாகிறது. அதற்குள் கிருமி சுவரைக் கட்டிவிடுகிறது.

அசலுக்கு எப்படித் திறக்கிறது? வினைமையத்திலிருந்து சுமார் 60 ஆங்ஸ்ட்ராம் தள்ளி இன்னொரு பிணைப்பிடம் இருக்கிறது. வளர்ந்துவரும் சுவர் இழை அங்கே ஒட்டினால், அந்த அசைவு நொதி நெடுகக் கடந்துவந்து பள்ளத்தைத் திறக்கிறது. சாதாரண பென்சிலின் வாலை மட்டும்தான் போலி செய்கிறது. தொலைவிலுள்ள அந்த இடத்தை அதனால் தொட்டுத் திறக்க முடிவதில்லை. எம்ஆர்எஸ்ஏவை எதிர்க்கும் செஃப்டரோலின் மருந்தின் பலம் இங்கேதான்: ஒரு மூலக்கூறு அந்த இடத்தில் அமர்ந்து வாசலைத் திறக்க, இன்னொன்று செரினில் பிணைகிறது. அந்த இடத்தை ஒட்டி 146ஆவது அமினோ அமிலமான அஸ்பராஜினோ 150ஆவதான குளூட்டாமேட்டோ லைசின் என்ற வேறோர் அமினோ அமிலமாக மாறிய கிருமிகளிடம் இந்த மருந்தும் வலுவிழக்கிறது. இவ்வளவு தொலைவில் நடக்கும் ஒரு மாற்றம் மருந்தைத் தோற்கடிப்பதை நீங்கள் ஆழ்ந்து யோசிக்க வேண்டும்.

நீங்களே பார்க்க, புரதத் தரவு வங்கியில் 1விக்யூக்யூ (வெறும் நொதி), 1எம்டபிள்யூயூ (மெத்திசிலின் பிணைந்தது) இரண்டையும் எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். முழுச் சங்கிலியையும் பொருத்தாதீர்கள். முன்பகுதி அசைவதால் வினைமையத்தின் சின்ன மாற்றம் மறைந்துவிடும். 327 முதல் 668 வரையுள்ள அமினோ அமிலங்களை மட்டும் பொருத்தி, செரின் 403ஐ நடுவில் வைத்து பீட்டா-3 இழையைப் பாருங்கள். முறுக்கல் கண்ணுக்குத் தெரியும்.