கயாக்கில் இடுப்பை வாரால் கட்டலாமா?

இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத உங்கள் தம்பி கயாக்கில் (துடுப்பால் செலுத்தும் ஒடுங்கிய சிறு படகில்) சாயாமலிருக்க வாரால் கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து கட்டாதீர்கள். படகு கவிழ்ந்தால் தலைகீழாக மாட்டிக்கொள்வார். உயரமான முதுகுச்சாய்வும், இடுப்பின் இருபுறமும் இறுக்கமாகச் செருகிய நுரைத் துண்டுகளும் போதும். உயிர்காப்புச் சட்டையோடு, ஆழமில்லாத நீரில் ஆள் துணையுடன் கவிழ்ந்து வெளியேறிப் பழகட்டும்.

எனக்குப் பெரிய கவலை தோல்தான். கடின பிளாஸ்டிக் இருக்கை அழுத்தப்புண்ணை உண்டாக்கும், அவருக்கோ வலி தெரியாது. மெத்தை அவசியம்; ஆனால் உயரமாகப் போட்டால் படகு ஆடும், மெல்லியதாகத் தேர்ந்தெடுங்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் குனிந்து எடையை மாற்றட்டும். குதிகாலுக்கடியிலும் நுரை வையுங்கள். கரையேறியதும் புட்டம், குதிகால் பாருங்கள்: சிவப்பு 30 நிமிடத்தில் மறையவில்லையென்றால் முழுதும் ஆறும்வரை படகு வேண்டாம்.