பனிச்சுவரில் முதல் ஏற்றம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில் வேலை பார்க்கிறேன், வயது 42. அலுவலகத் தோழியர் வரும் ஜனவரியில் யூரே என்ற மலையூருக்குச் சென்று, வழிகாட்டியின் துணையோடு பனிச்சுவர் ஏறத் திட்டமிட்டு என்னையும் அழைக்கிறார்கள். மலையேறிப் பழக்கமில்லை, கையில் வலுவும் குறைவு. துணியலாமா?

பதில்: தாராளமாகச் செல்லுங்கள். கைவலு பற்றிய தயக்கத்தை முதலில் விட்டுவிடுங்கள்; புதிதாக வருவோர் பலருக்கும் இருக்கும் கவலைதான் இது. பனிச்சுவரில் உடலைத் தாங்க வேண்டியவை கால்கள். காலணியின் அடியில் பூட்டிக்கொள்ளும் கிராம்பான் என்ற எஃகுச் சட்டத்தில், கீழ்நோக்கிய முட்களோடு முன்புறம் நீண்ட இரு முட்களும் இருக்கும். இத்தாலியைச் சேர்ந்த லோரான் கிரிவெல் 1929-இல் இந்த முன்முட்களைச் சேர்ப்பதற்கு முன்பு, செங்குத்தான பனியில் கோடரியால் படி வெட்டிக்கொண்டே ஏறுவார்கள். இன்று முன்முட்களைப் பனியில் உதைத்துப் பதித்து, குதிகாலைத் தாழ்த்தி, ஏணியில் ஏறுவதைப் போலக் காலை ஊன்றி எழுந்தால் போதும். குதிகால் உயர்ந்தால் முட்கள் நெம்பிக்கொண்டு வெளியே வந்துவிடும் என்பதால், வழிகாட்டி அன்று முழுவதும் உங்களிடம் அதிகமாகச் சொல்லப்போவது ‘குதிகாலைத் தாழ்த்துங்கள்’ என்பதாகத்தான் இருக்கும்.

இரு கைகளிலும் பிடிக்கும் பனிக்கோடரிகளைப் பலங்கொண்ட மட்டும் ஓங்கிக் கொத்த வேண்டியதில்லை. புடைத்த இடத்தில் கொத்தினால் பனி தட்டுத் தட்டாகப் பெயர்ந்து முகத்தில் விழும். குழிவான இடத்தைத் தேடி, மணிக்கட்டைச் சுண்டி வீசினால் அலகு எளிதில் பதியும். பதிந்தபின் முழங்கையை மடக்காமல் கையை நீட்டித் தொங்கவிட்டபடி, அடுத்த கால் எங்கே என்று கீழே பாருங்கள். இந்தப் பழக்கம் வந்துவிட்டால், வலுவை நம்பிக் கைகளால் இழுத்து ஏறுபவரைவிட நீங்கள் நீண்ட நேரம் சோராமல் ஏறுவீர்கள்.

உங்கள் தோழியர் தேர்ந்தெடுத்த இடமும் நல்ல இடம். சான் வான் மலைத்தொடரில், ஏறத்தாழ 7,800 அடி உயரத்தில் இருக்கும் யூரேயில், அன்கம்பாக்ரே ஆற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பு நெடுகக் குழாய்களைப் பதித்து, கடுங்குளிரில் நீரைத் தெளித்துப் பனிச்சுவர்களை வளர்க்கிறார்கள். நீர்மின் நிலையத்துக்குச் செல்லும் பழைய குழாய் ஒன்றிலிருந்து கசிந்த நீர் உறைந்து நின்றதைக் கண்ட ஊரார், 1990-களில் தாமே முனைந்து உருவாக்கிய பூங்கா அது. அங்கே பாறையிலோ மரத்திலோ மேலே கயிற்றை உறுதியாகக் கட்டியபின் ஏறுவதே பெரும்பான்மையான வழக்கம். கால் நழுவினாலும் கயிறு உடனே தாங்கிக்கொள்ளும். ஆனால் பல இடங்களில் முதலில் விளிம்பிலிருந்து பள்ளத்துக்குள் இறங்கிய பிறகே ஏற முடியும். அந்த முதல் இறக்கம்தான் புதியவர்களுக்கு நெஞ்சை அடைக்கும். அச்சமாக இருந்தால், நடந்தே அடையக்கூடிய சுவர் ஒன்றில் தொடங்கும்படி முன்கூட்டியே வழிகாட்டியிடம் கேளுங்கள்.

உண்மையான ஆபத்து விழுவதைவிட மேலிருந்து விழும் பனியில்தான் அதிகம். ஆகவே ஏறுபவருக்கு நேர் கீழே ஒருபோதும் நிற்காதீர்கள். ஓய்வெடுக்கும்போதும் ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். பனி எங்கே உறுதியானது, எங்கே உள்ளே நீரோடிப் பொள்ளலாக இருக்கிறது என்று கண்டறிய ஆண்டுக்கணக்கான பழக்கம் தேவைப்படுவதால், வழிகாட்டி இல்லாமல் ஏற வேண்டாம் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி: பனி ஏறியவர்கள் விரல்களில் தாங்க முடியாத வலி வரும் என்கிறார்களே, அது பனிக்கடியா, அதாவது கடுங்குளிரில் தோலும் தசையும் உறைந்துபோகும் பாதிப்பா? எப்படித் தவிர்ப்பது?

பதில்: பெரும்பாலும் பனிக்கடி அன்று. கோடரியை இறுகப் பற்றிக் கைகளைத் தலைக்கு மேலேயே வைத்திருப்பதால் விரல்களுக்கு இரத்தம் குறைந்து அவை குளிர்ந்துவிடுகின்றன. கையைத் தாழ்த்தியதும் இரத்தம் திரும்பப் பாயும்போது, குமட்டல் வருமளவுக்குக் கடுமையான வலி சில நிமிடங்கள் இருந்துவிட்டுத் தணியும். பிடியைத் தளர்த்துங்கள், இடையிடையே ஒவ்வொரு கையாகத் தொங்கவிட்டு உதறுங்கள். ஏறுவதற்கு மெல்லிய கையுறையும், கீழே கயிற்றைப் பிடித்து நிற்கும்போது தடித்ததும், நனைந்தால் மாற்றிக்கொள்ள இன்னொன்றுமாக எடுத்துச் செல்லுங்கள். பருத்தி உள்ளாடை வியர்வையில் நனைந்து உடலைக் குளிரவைக்கும் என்பதால் கம்பளியோ செயற்கை இழையோ நல்லது. அசையாமல் காத்திருக்கும் நேரமே குளிர் மிகவும் வாட்டும் நேரம் ஆகையால், தடித்த மேலங்கியை எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

வலிக்குப் பதிலாக விரல் வெளுத்து, மரத்து, சூடேறியும் உணர்வு திரும்பாவிட்டால் அதைத் தேய்க்காமலும் நெருப்பில் காட்டாமலும் வழிகாட்டியிடம் உடனே தெரிவித்து மருத்துவரிடம் செல்லுங்கள். குளிரில் விரல்கள் வெளுத்துப்போகும் ரேனாட் கோளாறு உள்ளவர்கள், பயணத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.