முகாமில் யார் பொறுப்பு?

கேள்வி: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் பகுதியினர் மாநகராட்சிப் பள்ளியில் தங்கினோம். சாப்பாட்டு வண்டி வந்தாலே தள்ளுமுள்ளு. கழிப்பறையைக் கழுவ ஆளில்லை. அடுத்த மழைக்கு என்னைப் பொறுப்பேற்கச் சொல்கிறார்கள். எப்படி நடத்துவது?
– வாசகர், எர்ணாவூர், சென்னை

பதில்: எல்லாவற்றையும் நீங்களே இழுத்துப்போட்டுக்கொண்டு செய்தால், மற்றவர்கள் விருந்தாளிகளாகவே உட்கார்ந்திருப்பார்கள். முதல் மாலையே குடும்பங்களைத் தெருவாரியாக நோட்டில் எழுதி, தலைக்கணக்குடன் கைக்குழந்தை, கர்ப்பிணி, சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் ஆகியோரையும் குறித்து, அறைகளையும் தெருவாரியாகவே ஒதுக்குங்கள். ஒவ்வோர் அறையினரும் ஒரு பெண்ணையும் ஓர் ஆணையும் தாங்களே தேர்ந்தெடுக்கட்டும். (மகளிர் சுய உதவிக் குழுவில் கணக்கு எழுதிப் பழகியவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.)

தமக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயமே பெரும்பாலும் தள்ளுமுள்ளில் முடிகிறது. எனவே வாசலில் வைத்துக் கொடுக்காமல், பொட்டலங்களை எண்ணி, நோட்டோடு ஒப்பிட்டு, அறைப் பொறுப்பாளர்களிடம் கொடுத்தனுப்புங்கள். குறைந்தால் எத்தனை குறைகிறது என்று உரக்கச் சொல்லிவிட்டு, குழந்தைகளும் முதியவர்களும் உள்ள அறைகளுக்கு முதலில் கொடுங்கள்.

கழிப்பறைதான் பெரிய தலைவலி. தொடக்க நாட்களில் 50 பேருக்கு ஒன்று, பிறகு 20 பேருக்கு ஒன்று, ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று என்பது பேரிடர் நிவாரணத்துக்கான ‘ஸ்பியர்’ நெறிமுறை. பள்ளிக் கட்டடத்தில் இந்தக் கணக்கு எளிதில் தேறாது என்பதால், ஆண்கள் பகுதியிலும் சிலவற்றைப் பெண்களுக்கு ஒதுக்கி, கதவில் சாக்பீஸால் எழுதி, தாழ்ப்பாளும் விளக்கும் சரியாக இருக்கின்றனவா என்று இருட்டுவதற்குள் பார்த்துவிடுங்கள். எந்த வேளை யார் கழுவுவது என்ற முறைப்பட்டியலை அறைவாரியாக எழுதி ஒட்டுங்கள். அதில் ஆண்களின் பெயரும் இருக்க வேண்டும். சாதி பார்த்து அந்த வேலையை ஒரே தெருவின் தலையில் கட்டும் பேச்சு எழுந்தால், அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

பூண்டி ஏரியில் திறக்கும் நீரும் புழல் ஏரியின் உபரிநீரும் உங்கள் பகுதிக்கு அருகே உள்ள எண்ணூர் முகத்துவாரம் வழியாகவே கடலுக்குப் போவதால், ‘ஏரியைத் திறந்துவிட்டார்கள்’ என்ற ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும், முகாமே எழுந்து நின்றுவிடும். காலையும் மாலையும் ஒரு நேரம் குறித்து, மாநகராட்சியின் 1913 எண்ணில் விசாரித்ததை மட்டும் அறிவியுங்கள். தெரியாத கேள்விக்கு ‘மாலை ஆறு மணிக்குச் சொல்கிறேன்’ என்று சொல்லிவிட்டால், புதிய செய்தி எதுவும் கிடைக்காவிட்டாலும் ஆறு மணிக்கு அங்கே போய் நில்லுங்கள்.