கேளுங்கள், சொல்கிறேன்: உள்ளங்கைக் கறுப்பும் ஒரு பிளேட்டும்

கேள்வி: மேடம், நான் சின்ன ஆய்வகம் ஒன்றில் டெக்னீஷியன். ஏழு வயதுச் சிறுமியின் உள்ளங்கையில் கறுப்புத் திட்டு, வலியில்லை, அரிப்பில்லை. சுரண்டி எடுத்ததை சபுரோ பிளேட்டில் (பூஞ்சை வளர்க்கும் ஊடகம்) போட்டேன். ஆறாம் நாள் தாரைத் தொட்டு வைத்தது போலப் பளபளப்பாகக் கறுப்பு வந்திருக்கிறது. எல்.பி.சி.பி. என்ற நீலச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மொட்டுவிடும் செல்கள்தான் தெரிகின்றன. 'கறுப்பு ஈஸ்ட்' என்று ரிப்போர்ட் எழுதிவிடலாமா?
— வாசகர், தூத்துக்குடி

பதில்: கொஞ்சம் பொறுங்கள், தம்பி. ஊர் பெயர் கேட்டால் 'தெற்கே' என்று சொல்வது போலாகிவிடும். ஒன்றுக்கொன்று உறவே இல்லாத பல பூஞ்சைகள் இளம் வயதில் இப்படித்தான் ஈஸ்ட் வேஷம் போடும்.

முதல் வேலை, அந்த நீலத்தை ஒதுக்கி வையுங்கள். செல்சுவரில் இருக்கும் மெலனினின் பழுப்பு நிறம்தான் நமக்கு முக்கியம். அதன் மேல் நீலம் பூசினால் என்ன தெரியும்? வெறும் தண்ணீரில் ஒரு மவுண்ட் போடுங்கள். சுரண்டியதில் மிச்சம் இருந்தால் அதையும் கே.ஓ.எச்.சில் (தோல் செல்களைக் கரைத்துப் பூஞ்சையைக் காட்டும் காரக் கரைசல்) பாருங்கள். பழுப்பு நிறத்தில், குறுக்குச்சுவரோடு கிளைத்த இழைகள் தெரிந்தால் இன்றே டாக்டருக்கு போன் செய்யுங்கள். இந்தத் திட்டை மெலனோமா என்ற தோல் புற்றுநோய் என்று சந்தேகித்துக் கத்தி வைத்த கதைகள் உண்டு.

இனி பிளேட். தண்ணீர் மவுண்ட்டில் செல்லின் நடுவைப் பாருங்கள். இரண்டு பருப்பு உள்ள வேர்க்கடலைக்கு நடுவே ஒரு தடுப்பு வைத்தது போல, இரண்டு அறை கொண்ட செல்கள் நிறைய இருந்தால் ஹோர்ட்டேயா வெர்னெக்கி பக்கம் சாயலாம், உள்ளங்கையில் இப்படிக் கறுப்புத் திட்டு போடும் பூஞ்சை அதுதான். பிறகு ஆயில் லென்ஸ் போட்டு, கண்டென்சர் டயாஃப்ரத்தைப் பாதி மூடி, செல்லின் முனையைப் பாருங்கள். தென்னையில் மட்டை விழுந்த இடத்தில் தழும்பு வளையம் இருக்குமே, அதே போல ஒவ்வொரு மொட்டும் உதிர்ந்த இடத்தில் ஒரு வளையம். ஹோர்ட்டேயாவில் இந்த முனை அகலமாக இருக்கும். எக்ஸோஃபியாலா ஜீன்செல்மெய் என்ற இன்னொரு கறுப்புப் பூஞ்சையில் அதே வளையம் ஊசி போல் கூர்ந்த முனையில் இருக்கும், கண்ணைக் கசக்கிக்கொண்டு தேட வேண்டும். வித்துகள் அந்த நுனியில் கொத்தாக ஒட்டியிருக்கும். காற்றிலிருந்து பிளேட்டில் விழக்கூடிய ஆரியோபாசிடியம் என்ற பூஞ்சையில் வளையமே கிடையாது. நிறமற்ற இழையின் பக்கவாட்டில் ஒரே நேரத்தில் பல மொட்டுகள் கிளம்பும். கறுப்பு வருவது பின்னால் தடிக்கும் இழைகளால்.

இதையெல்லாம் குச்சியால் கிளறிப் பார்க்க முடியாது, எல்லாம் உதிர்ந்துவிடும். ஸ்லைடு கல்ச்சர், அதாவது கண்ணாடித் தகட்டின் மேலேயே பூஞ்சையைக் கலையாமல் வளர்ப்பது, போட்டே ஆக வேண்டும். நான்கு வையுங்கள், 7, 10, 14-ஆம் நாள் ஒவ்வொன்றாக எடுங்கள், ஒன்று கைவசம் இருக்கட்டும்.

அவசரம் என்ன செய்யும் என்பதற்கு நானே சாட்சி. வேலைக்குச் சேர்ந்த புதிதில், நகத்திலிருந்து வந்த ஒரு கல்ச்சரை ஐந்தாம் நாள் பார்த்து, மொட்டு மொட்டாக இருக்கிறதே என்று 'ஆரியோபாசிடியம், காற்றிலிருந்து விழுந்தது' என எழுதி அனுப்பிவிட்டேன். மூன்றாவது வாரம் ஆட்டோக்ளேவுக்குப் போகும் தட்டில் அதே பிளேட், மேலே சாம்பல் வெல்வெட் விரித்துக்கொண்டு கிடந்தது. ஏதோ தோன்றி டேப் ஒட்டி எடுத்தேன். கூர்முனை, நுனியில் கொத்து. எக்ஸோஃபியாலா! திருத்திய ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்கு நடந்தது இன்னும் மறக்கவில்லை.

கூடவே இரண்டு சோதனை. 10 சதவீத உப்பு சேர்த்த பிளேட்டில் ஹோர்ட்டேயா சுகமாக வளரும். உப்பளத் தண்ணீரில் வாழும் பூஞ்சை அது, உங்கள் ஊர்க்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஆரியோபாசிடியமும் உப்பைத் தாங்கும், ஆகவே இதை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதாதீர்கள். இன்னொன்றை 40 டிகிரியில் வையுங்கள். அங்கே வளர்ந்தால் எக்ஸோஃபியாலா டெர்மாட்டிடிடிஸ் என்ற சந்தேகம் வரவேண்டும். பாத்திரம் கழுவும் மெஷினின் ரப்பர் விளிம்பில்கூடக் குடியிருக்கும் ஆசாமி. எக்ஸோஃபியாலாவில் இனம் வரை போக வேண்டுமென்றால் லென்ஸ் போதாது, ஐ.டி.எஸ். என்ற டி.என்.ஏ. பகுதியைப் படிக்கும் சீக்வென்சிங்குக்கு அனுப்புங்கள்.

இப்போதைக்கு ரிப்போர்ட்டில், 'நிறமுள்ள ஈஸ்ட் போன்ற பூஞ்சை வளர்ந்துள்ளது, அடையாளம் காணும் பணி நடக்கிறது' என்று எழுதி, கே.ஓ.எச். முடிவைத் தனி வரியில் போடுங்கள். டாக்டருக்கு இன்று தேவைப்படுவது அந்த வரிதான்.